அடி வாங்கும் டாம்தான் நாயகன்: இந்தக் கார்ட்டூன் ஏன் இன்னும் சலிக்கவில்லை?

தோ பாயோ வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

டாம் அண்ட் ஜெரி என்றாலே எல்லாரும் ஜெரியின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். சின்ன எலி பெரிய பூனையை ஏமாற்றுகிறது, எளியவன் வலியவனை வென்றான், கைதட்டு என்று கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எளியவன் வலியவனை வெல்லும் கதைகள் உலகத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றை ஒருமுறை பார்த்தால் போதும். இதை மட்டும் ஏன் எட்டு வயதிலும் பார்க்கிறோம், நாற்பத்தெட்டு வயதிலும் பார்க்கிறோம்? டாமுக்காகத்தான் என்பது என் கட்சி.

1940 பிப்ரவரியில் வெளிவந்த முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் படநிறுவனத்தில் வில்லியம் ஹான்னாவும் ஜோசப் பார்பெராவும் செய்தது. அதில் பூனையின் பெயர் டாம்கூட இல்லை, ஜாஸ்பர். வீட்டுப் பணிப்பெண் வந்து, இன்னும் ஒரே ஒரு பொருள் உடைந்தாலும் உனக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று எச்சரித்துவிட்டுப் போகிறாள். எலி அதைக் கேட்டுவிடுகிறது. மேசை விளிம்பில் ஏறி, ஒரு கண்ணாடிக் கோப்பையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பூனையைப் பார்க்கிறது. பாய்ந்து வந்த பூனை அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு பாதம் முன்னால் நீண்டபடி, முகத்தில் கெஞ்சல்.

அந்த இடத்தை நிறுத்தி வைத்துப் பாருங்கள். பூனை எலிக்கு அஞ்சவில்லை. கோப்பைக்கு அஞ்சுகிறது. கோப்பை உடைந்தால் வீடு போய்விடும். டாமின் வாழ்க்கை முழுவதும் இதுதான். துரத்தினால் ஏதாவது உடையும், துரத்தாவிட்டால் எலி பிடிக்காத பூனை எதற்கு என்று கேட்பார்கள். 1948இல் வந்த ஒரு படத்தில் அதையும் கேட்டேவிடுகிறார்கள். டாமுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, மின்னல் வேகத்தில் ஓடும் இளம் பூனை ஒன்றை வேலைக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசியில் டாமும் ஜெரியும் கைகோத்துத்தான் அந்தப் புதியவனை விரட்ட வேண்டியிருக்கிறது.

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எவருக்கும் இந்தப் பூனையைத் தெரியும். குழந்தையாக இருந்தபோது அவன் விழுவதைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது அவன் எதற்காக ஓடுகிறான் என்பது புரிந்து சிரிக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஜூரோங் தம்பி

அண்ணா, நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் காரணம் அவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தோன்றவில்லை. இது மறு ஒளிபரப்பு செய்த வேலை. அநேகமாக வசனமே இல்லாத ஏழு நிமிடப் படம். எந்த நாட்டுத் தொலைக்காட்சியும் மொழிமாற்றச் செலவு இல்லாமல் வாங்கிப் போடலாம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் நிரப்பலாம். எதைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் மூன்று தலைமுறைக்கு மனத்தில் பதிந்துவிடும். இன்றைக்கும் டி-சட்டையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் அவர்கள் முகம்தான். கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது மறக்காது.

தோ பாயோ வாசகன்

மறு ஒளிபரப்புக்குப் பங்கு உண்டு தம்பி, மறுக்கவில்லை. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். இவை தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல, திரையரங்குக்காகச் செய்யப்பட்டவை. முதல் படம் வந்தபோது தொடர்ந்து எடுக்கும் எண்ணம் தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பிக்கு இல்லை. திரையரங்குக்காரர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்டதால்தான் தொடர் பிறந்தது. ஹான்னாவும் பார்பெராவும் செய்த 114 படங்கள் 1958 வரை வெளிவந்தன, ஏழு படங்களுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதே காலத்தில் வந்து, அதே தொலைக்காட்சிகளில் மறுபடி மறுபடி ஓடிய எத்தனையோ பூனைகளும் எலிகளும் இன்று யார் நினைவிலும் இல்லை.

ஈசூன் பாட்டி

இந்த இழையைப் பேத்திதான் எனக்குக் காட்டினாள். வசனம் இல்லை என்பதைத் தம்பி செலவுக் கணக்காகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அது வேறு கணக்கு.

எனக்குத் தமிழ்தான் வாய்க்கு வரும். மகனும் மருமகளும் இரண்டு மொழியும் பேசுவார்கள். பேரப்பிள்ளைகள் என்னிடம் தமிழில் தொடங்கி அடுத்த வாக்கியத்துக்குள் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் ஜாவாவிலிருந்து வந்தவள், அவளுக்கு மலாய் புரியும், ஆங்கிலம் கொஞ்சம். இரவு உணவுக்குப் பிறகு தொலைக்காட்சியில் எதைப் போட்டாலும் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். தமிழ் நாடகம் போட்டால் பிள்ளைகள் போய்விடுவார்கள். அவர்களுடைய படம் போட்டால் நான் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்குத் தொந்தரவு. டாம் அண்ட் ஜெரி போட்டால் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாரும் ஒரே நொடியில் சிரிக்கிறோம். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். இப்போது அவளுக்கும் சோபாவில் ஓர் இடம் இருக்கிறது.

அந்தப் பூனைக்கு வாய்தான் பேசாது, புருவம் பேசும். திருட்டுத்தனமாக நடக்கும்போது ஒரு புருவம், மாட்டிக்கொண்டால் ஒரு புருவம், வீட்டுக்காரி முன்னால் நல்ல பிள்ளைபோல் சிரிக்கும்போது இன்னொன்று. என் காலத்து நடிகர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். இப்போது வருகிறவர்களிடம் அவ்வளவாகக் காணோம்.

ஜூரோங் தம்பி

பாட்டி சொல்வதற்கு ஒரு சான்று தருகிறேன். 1992இல் இருவரையும் பேசவைத்து, பாடவைத்து ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள். அதை யாரும் தேடிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பழைய படங்களில் டாம் வாய்விட்டு எழுப்பும் அந்த அலறல் இருக்கிறதே, அது வில்லியம் ஹான்னாவின் சொந்தக் குரல். அந்த அலறல் ஒன்றே போதுமாக இருந்தது.

சுருதி சேர்

வயலின் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இதில் நான் குறுக்கிட்டே ஆகவேண்டும். பேச்சு இல்லை என்று எல்லாரும் சொல்கிறீர்கள். பேச்சு இருக்கிறது, அது ஸ்காட் பிராட்லியின் இசையில் இருக்கிறது. டாம் பதுங்கி நடந்தால் ஒரு வாத்தியம் பதுங்குகிறது. அவன் மனத்தில் ஒரு கெட்ட யோசனை முளைக்கும்போது முகம் மாறுவதற்கு அரை நொடி முன்பே இசை மாறிவிடுகிறது. 1944இல் வந்த ஒரு படத்தில், ஜெரி ஒரு பொய் நாய்த்தலைக்குள் ஒளிந்துகொண்டு ஓடும் காட்சிக்கு அவர், பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். அன்றைய மேற்கத்திய இசையிலேயே மிகக் கடினமானதாகக் கருதப்பட்ட முறை அது. குழந்தைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். கச்சேரி அரங்கில் அதே ஒலியைக் கேட்டிருந்தால் பெரியவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

டாம் பியானோ வாசிக்கும் படம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 1947இல் வெளிவந்தது, ஆஸ்கார் பெற்றது. வாசிப்பது ஃபிரான்ஸ் லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சோடி என்ற பியானோ இசைப்படைப்பு. என் மாணவர்களுக்கு அதை ஒலியை நிறுத்திவிட்டு முதலில் காட்டுவேன். டாமின் கை இடப்பக்கம் போனால் என்ன ஒலி வரவேண்டும், வலப்பக்கம் தாவினால் என்ன என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பிறகு ஒலியோடு போட்டால் அப்படியே வருகிறது. வரைந்தவர்கள் இசையைக் கேட்டு, கையை அறிந்து வரைந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தோ பாயோ அண்ணன் சொன்ன கோப்பை இங்கேயும் இருக்கிறது. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெரி எழுந்துவிடுகிறான். மூடியை விரல்மேல் போடுகிறான், கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் எலிப்பொறியை வைக்கிறான். டாமால் எழுந்து அவனைத் துரத்த முடியாது. எதிரே சபை இருக்கிறது. விரல் வீங்கினாலும் வாசிப்பு நிற்கக் கூடாது. கையால் ஜெரியைப் பிடித்துக்கொண்டு காலால் வாசிக்கிறான், பாருங்கள். மேடை ஏறிய எவருக்கும் அந்தக் கட்டாயம் தெரியும். தந்தி அறுந்தாலும் முகத்தில் காட்டாமல் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கடைசியில் கைதட்டல் ஜெரிக்குப் போகிறது. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஒரு வரைந்த பூனைக்காக எனக்குக் கோபம் வருகிறது என்றால் அது எவ்வளவு பெரிய கலை.

பொங்கோல் அம்மா

எல்லாரும் புகழ்கிறீர்கள். ஆறு வயது மகளை வைத்துக்கொண்டு பார்ப்பவள் நான், எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சுத்தியல், கோடரி, வெடிகுண்டு, தலையில் இஸ்திரிப் பெட்டி. போன மாதம் தம்பியின் கையைக் கதவிடுக்கில் வைத்து மூடப் போனாள். பதறிப்போய்த் தடுத்தேன். கேட்டால், டாமுக்கு வலிக்கவில்லையே என்கிறாள். இதை என்னவென்று சொல்வது? நாம் சிறு வயதில் பார்த்தோம், கெட்டுப் போகவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. இன்றைய பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே எதையும் உடனே செய்து பார்க்கிறார்கள். இந்தக் கார்ட்டூனின் ஈர்ப்பு என்பது அடிதடியின் ஈர்ப்புதானே?

கோட்டோவியன்

அக்கா, கதவை நீங்கள் தடுத்தது சரி, கூட உட்கார்ந்து பார்ப்பதும் சரி. அடிதடிதான் ஈர்ப்பா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அசைவூட்டம் படித்து, இப்போது அதே துறையில் வேலை செய்கிறேன். நாங்கள் படித்தபோது இந்தப் படங்களைச் சட்டகம் சட்டகமாக (ஃபிரேம்) நிறுத்திப் பார்ப்போம்.

1945இல் வெளிவந்து ஆஸ்கார் வாங்கிய ஒரு படம். ஸ்பைக் என்கிற அந்த முரட்டு நாய்க்குத் தூக்கம் வேண்டும். இன்னும் ஒரு சத்தம் கேட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று டாமை மிரட்டிவிட்டுப் படுக்கிறது. உடனே ஜெரி சத்தம் எழுப்பக் கிளம்பிவிடுகிறான். மின்விளக்குக் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கீழே போடுகிறான். டாம் ஓடி ஓடிப் பிடிக்கிறான். கையில் இடமில்லை, வாயில் பிடிக்கிறான். இதில் ஓர் அடிகூட விழவில்லை. ஒரு குமிழ்கூட உடையவில்லை. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஏனென்றால் ஒவ்வொரு குமிழும் தரையைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் நீள்கிறது. அந்தக் கணத்தை எத்தனை சட்டகத்துக்கு நீட்டுவது, எட்டா, பன்னிரண்டா என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். இரண்டு சட்டகம் கூடினால் சலிப்பு. இரண்டு குறைந்தால் கண்ணுக்கே தெரியாது.

ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஏழு நிமிடப் படம் என்றால் பத்தாயிரம் சட்டகங்களுக்கு மேல். அத்தனைக்கும் வேண்டிய படங்களைக் கையால் வரைந்து, கண்ணாடித் தாளில் வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். இர்வின் ஸ்பென்ஸ், கென்னத் மியூஸ், எட் பார்ஜ், ரே பேட்டர்சன் என்று நாலைந்து பேருடைய கை அதில் இருக்கிறது. கொஞ்சம் பழகிவிட்டால் யார் வரைந்த டாம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஸ்பென்ஸ் வரைந்த டாம் கோபப்பட்டால் உடம்பு முழுவதும் கோபப்படும்.

1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. அதே ஹான்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே பணமும் இல்லை, நேரமும் இல்லை. உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும், மீதியை வசனம் பார்த்துக்கொள்ளும். 1960இல் வந்த பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடர் அப்படிச் செய்ததுதான். எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க முடியாது. டாமை ஒலி இல்லாமலும் பார்க்கலாம், சுருதி சேர் அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2023இல் சிங்கப்பூரையே களமாக வைத்து ஏழு டாம் அண்ட் ஜெரி குறும்படங்கள் வந்தன. நம் ஊர்ப் படைப்பகம் ஒன்றுக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஜெரி கட்சி

எல்லாரும் டாமுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். அந்த எலி வளைக்குள் தானுண்டு தன் பாலாடைக்கட்டியுண்டு என்று இருப்பவன். முதலில் வாலைப் பிடித்து இழுப்பது யார்? முதல் படத்தின் தொடக்கத்தையே பாருங்கள், பூனை அவனை வாலைப் பிடித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறது. கோப்பையைத் தூக்கியது அதற்குப் பிறகு. உயிருக்குப் போராடுபவன் கையில் கிடைத்ததை எடுப்பான்.

உட்லண்ட்ஸ் பூனை வீடு

நான் பூனை வளர்ப்பவள். தோ பாயோ அண்ணன் எழுதிய முதல் பதிவைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1ஆம் தேதி வரை அனுமதி இல்லை. இப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வளர்க்கலாம், உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும். எங்கள் பூனை அதற்கு முன்பே வந்துவிட்டது. புளோக்கின் கீழே மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டி. தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் முதல் வேலை அதை அறைக்குள் கொண்டுபோய் விடுவது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் திரைச்சீலையை இழுத்துவிடுவோம். இரவில் கத்தினால் அக்கம்பக்கத்தில் யாராவது புகார் செய்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குத் தூக்கம் வராது.

என் மகன் அப்போது டாம் படம் பார்க்கும்போதெல்லாம், வீட்டுக்காரி துடைப்பத்தோடு வந்தவுடன் எங்கள் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. டாம் வாசலில் வீசப்படும்போது மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான். உரிமம் கைக்கு வந்த அன்று அதை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தது அவன்தான். இப்போது வீட்டுக்காரி வந்தாலும் சிரிக்கிறான்.

உடைந்தால் வீடு போய்விடும் என்ற பயத்தை அண்ணன் வேலைக்குப் போகும் மனிதர்களுக்குப் பொருத்திச் சொன்னார். எங்கள் வீட்டில் அது பூனைக்கே பொருந்தியது.

ஜூரோங் தம்பி

அக்கா எழுதியதைப் படித்தபின் எதிர்வாதம் செய்ய மனம் வரவில்லை. ஆனாலும் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

மேலே இருக்கும் அதிகாரத்துக்கு டாம் அஞ்சுவதுதான் படத்தின் உயிர் என்கிறீர்கள். சரி. 1961, 62இல் ஜீன் டைச் பிராக் நகரில் 13 படங்கள் செய்தார். அவற்றில் சிலவற்றில் ஒரு பருத்த, முன்கோபக்கார முதலாளி வருகிறார். டாமைப் போட்டுப் புரட்டி எடுக்கிறார். உங்கள் கணக்குப்படி அவைதான் எல்லாவற்றிலும் சிறந்தவையாக இருக்க வேண்டும். ஆனால் ரசிகர்களுக்கு மிகக் குறைவாகப் பிடித்தவை அவைதான். எனக்கும் பிடிக்காது, பார்க்கும்போது ஒருவிதமாக இருக்கும். அடுத்து சக் ஜோன்ஸ் 34 படங்கள் செய்தார். அவற்றில் வீட்டு எஜமானர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. ஓவியம் மிக அழகு, டாமின் புருவம் இன்னும் அடர்த்தி. அவையும் பழையவற்றைப்போல் மனத்தில் ஒட்டவில்லை. முதலாளி இருந்தாலும் ஒட்டவில்லை, இல்லாவிட்டாலும் ஒட்டவில்லை என்றால் உங்கள் கட்சி என்ன ஆகிறது?

தோ பாயோ வாசகன்

நல்ல கேள்வி தம்பி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டைச்சின் அந்த முதலாளி அடிக்கும்போது கேமரா அடியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. டாம் கதறுகிறான், நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய படங்களில் வீட்டுக்காரியின் துடைப்பம் விழுவது சில நொடிகள்தான். மீதி ஆறு நிமிடமும் துடைப்பம் வரப்போகிறது என்ற நினைப்பிலேயே ஓடுகிறது. கோட்டோவியன் சொன்ன விளக்குக் குமிழ் அதுதான். சிரிப்பு அச்சத்தில் இருக்கிறது, தண்டனையில் இல்லை. அச்சப்படும் டாம் தந்திரசாலி, நடிகன், வித்தைக்காரன். நாய் எழுந்துவிடாமல் இருக்க அதற்குத் தாலாட்டுகூடப் பாடுகிறான். தண்டனை வாங்கும் டாம் வெறுமனே அடிபடும் ஓர் உயிர். அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் வரவில்லை.

ஜோன்ஸின் படங்களில் டாமுக்கு இழக்க ஒன்றும் இல்லை. எங்கே வசிக்கிறான், யார் சோறு போடுகிறார்கள் என்றே பல படங்களில் தெரிவதில்லை. அழகான பூனை, அழகான எலி, அழகான பின்னணி. ஆனால் கோப்பை இல்லை.

ஜெரி கட்சிக்கும் ஒரு வார்த்தை. தொடங்கியது டாம் என்பது உண்மைதான். நாயகன் என்று சொன்னேனே தவிர நல்லவன் என்று சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பர்களே, எல்லாரும் பணிப்பெண், வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள். அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் ஒரு கறுப்பினப் பெண். முகம் நமக்கு அநேகமாகக் காட்டப்படுவதில்லை. செருப்பணிந்த கால்கள், பாவாடை, கையில் துடைப்பம், ஒரு குரல். அந்தக் குரல் லில்லியன் ராண்டோல்ஃப் என்ற நடிகையுடையது. 1940 முதல் 1952 வரை அந்தப் பாத்திரம் வந்தது. அக்கால அமெரிக்கத் திரைப்படங்கள் கறுப்பினப் பெண்களை எப்படிப் பார்த்தனவோ அப்படியே இங்கும் வரைந்தார்கள். பருத்த உடம்பு, கொச்சைப் பேச்சு, எலியைக் கண்டால் நாற்காலியில் ஏறி அலறும் பயம். வெடி வெடித்ததும் டாமின் முகம் கறுத்து உதடு தடித்துத் தெரியும் காட்சிகளும் அதே வகை. பின்னாளில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்தப் பெண்ணை மாற்றி வரைந்து, வேறு குரலும் சேர்த்தார்கள். எனக்கு அந்த மாற்றம் உவப்பில்லை. இழிவை அழிக்கிறோம் என்று அந்த நடிகையின் உழைப்பையும் சேர்த்து அழித்துவிட்டார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் கறுத்த நிறத்தவர்கள்தாம். பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட மாணவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே பேரப்பிள்ளைகளோடு இதைப் பார்க்கும்போது அந்தக் காட்சி வந்தால் நிறுத்திவிடுவேன். இப்படி வரைந்தது தவறு, ஏன் தவறு என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தொடர்வேன். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

தோ பாயோ தம்பியின் கருத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பணிப்பெண்ணாகக் காட்டப்படும் அந்த அம்மாளுக்கும் அது சொந்த வீடு அல்ல. பூச்சாடி உடைந்தால் அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டும். டாமிடம் அவர் காட்டும் கடுமை அங்கிருந்து வருகிறது என்றே நான் நினைக்கிறேன். வீட்டின் உண்மையான உரிமையாளர்கள் அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை. ஈசூன் அம்மையார் அவர்கள் தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்குச் சோபாவில் இடம் கொடுத்ததைப் படித்தபோது எனக்கு இந்த எண்ணம்தான் வந்தது.

ஈசூன் பாட்டி

ஐயா சொன்ன பிறகு அந்தப் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டுப் பெண்ணிடம், அந்த அம்மாவைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று மருமகள் கேட்டாள். பாவம், எத்தனை முறை தரையைக் கூட்டியிருப்பாள், அந்தப் பூனை உடனே குப்பையாக்கிவிடுகிறது என்றாள்.

பொங்கோல் அம்மா

கோட்டோவியன் சொன்ன அந்த மின்விளக்குப் படத்தை மகளோடு பார்த்தேன். அடி குறைவாகத்தான் இருந்தது, அவள் சிரித்ததும் வேறு மாதிரி இருந்தது. அப்படியானால் ஆறு வயதுக்கு எவற்றைக் காட்டலாம், எவற்றைத் தள்ளிவைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணையத்தில் எல்லாம் கலந்து கிடக்கிறது, எது யார் செய்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தோ பாயோ வாசகன்

தொடக்கத்தில் ஹான்னா, பார்பெரா பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். 1940களின் பாதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை வந்தவற்றில் தேடினால் போதும். பியானோ படத்தில் தொடங்குங்கள், அடுத்து வயதான டாமுக்குப் பதிலாக இளம் பூனை வரும் படம். ஸ்பைக்கும் அதன் குட்டியும் வரும் படங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

1949இல் வந்த, டாம் இறந்து சொர்க்கத்தின் வாசலில் நிற்கும் படத்தை இப்போது வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் ஜெரியிடம் மன்னிப்புச் சான்றிதழில் கையெழுத்து வாங்கிவந்தால்தான் உள்ளே போக முடியும் என்பது கதை. எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. ஆனால் அந்த வாசலில் ஓர் ஈரச் சாக்கிலிருந்து மூன்று பூனைக்குட்டிகள் இறங்கிவருகின்றன. அவை எப்படி இறந்தன என்று உங்கள் மகள் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்பது, பத்து வயதில் காட்டுங்கள். இரயில் தண்டவாளத்தில் இருவரும் உட்கார்ந்திருப்பதோடு முடியும் 1956ஆம் ஆண்டுப் படத்தை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெரி கட்சி

அக்கா, அண்ணன் கொடுத்த வரிசையில் முதலில் இருக்க வேண்டியது விடுபட்டிருக்கிறது. 1941இல் வந்த கிறிஸ்துமஸ் இரவுப் படம். டாமிடமிருந்து தப்பி ஜெரி வெளியே பனிக்குள் போய்விடுகிறான், திரும்பி வரமுடியாதபடி டாம் கதவை அடைத்துவிடுகிறான். பிறகு கணப்பருகே படுத்துப் பார்க்கிறான், முடியவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து, விறைத்துக் கிடக்கும் எலியைத் தூக்கிவந்து சூடேற்றுகிறான். இதுவரை அண்ணன் கட்சிக்குச் சாதகம்தான்.

அதற்கு அடுத்த காட்சியைக் கவனியுங்கள். டாம் பால் கிண்ணத்தில் வாய் வைக்கப் போகிறான். ஜெரி ஓடிவந்து தடுக்கிறான். தன் கையிலிருக்கும் மிட்டாய்க் குச்சியைப் பாலுக்குள் விட்டு, தான் முன்பே அங்கே வைத்திருந்த எலிப்பொறியை வெளியே எடுத்துப் போடுகிறான். யாரும் அவனை மிரட்டவில்லை, அவனுக்கு இழக்கவும் ஒன்றுமில்லை. அவனாகவே செய்கிறான். டாம் மட்டும்தான் முகத்தில் உணர்ச்சி உள்ளவன் என்று இந்த இழையில் சொன்னவர்கள் எல்லாரும் அந்தச் சில நொடிகள் ஜெரியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.